காருக்கு ஒரு பாலிஷா, பல பாலிஷா?

மேலூர் பக்கத்துக் கிரானைட்டை அறுத்தவுடன் மங்கலாகத்தான் இருக்கும். முரட்டு வைரத்தூளில் தொடங்கி, படிப்படியாக நுண்ணிய தூளுக்குப் போனால்தான் முகம் தெரியும். கார் பெயின்ட்டுக்கும் இத்தனை படிகள் வேண்டுமா?

பளபளப்பு எப்படி வருகிறது?

சமமான பரப்பு ஒளியை ஒரே திசையில் திருப்புகிறது; கீறல் அதைச் சிதறடிக்கிறது. நாம் காணும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். கீறல் இதைவிட மிகச் சிறிதானால் கண்ணுக்குப் படாது. ஒவ்வொரு தூளும் பழைய கீறலை அழித்து, தன் சிறிய கீறலை விட்டுப்போகிறது. பல படிகள் தேவைப்படுவது அதனால்தான்.

காரில் ஏன் கவனம்?

கல்லில் தேய்க்க நிறையத் தடிமன் உண்டு. காரின் மேல்பூச்சான கிளியர் கோட் பெரும்பாலும் சுமார் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பது அதுவே. தேய்ந்தால் திரும்ப வளராது.

எதைத் தேர்வது?

துணியால் துடைத்ததில் விழுந்த மெல்லிய வட்டக் கீறல்களுக்கு ஒரே பாலிஷ் போதும். சற்று ஆழமான கீறலும், கறுப்பு போன்ற அடர்நிறமும் என்றால் முதலில் முரடான காம்பவுண்ட், பிறகு நுண் பாலிஷ். நகம் சிக்கும் கீறலைத் தேய்த்துப் போக்க முயலவே கூடாது. எதற்கும் முன் ஓர் ஓரத்தில் மென்மையான முறையைச் சோதியுங்கள். அது பலித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

தூசியிலுள்ள குவார்ட்ஸ் பெயின்ட்டைவிடக் கடினமானது. அதனால் உலர்ந்த துணியால் துடைக்காமல், முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவினாலே பல கீறல்கள் விழாது.