நீலகிரி வீட்டுத் தோட்டங்களில் மட்கு உரத் தேநீர்

மட்கு உரத் தேநீர் என்பது நன்கு மட்கிய உரத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டி எடுக்கப்படும் திரவ உரமாகும். உரத்திலுள்ள நுண்ணுயிர்களும், நீரில் கரையும் ஊட்டச்சத்துகளும் இதன் மூலம் செடிகளுக்குக் கிடைக்கின்றன. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்திலும், குன்னூர், கோத்தகிரி பகுதிகளிலும் குளிர், மழை, அமில மண் ஆகியவற்றுக்கு ஏற்பச் சமவெளி முறையைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெயர்

இதற்கும் தேயிலைக்கும் தொடர்பில்லை. ஊறவைத்து வடிகட்டும் முறை தேநீர் போடுவதை ஒத்திருப்பதால் இப்பெயர் வந்தது. தமிழ்நாட்டில் பரவலாக அறியப்பட்ட பஞ்சகவ்யா, பசுவிலிருந்து கிடைக்கும் பொருட்களைப் புளிக்கவைத்துச் செய்யப்படுவது. மட்கு உரத் தேநீரின் மூலப்பொருள் மட்கிய உரம். காற்றேற்றித் தயாரிக்கும் முறையைப் பரவலாக்கியவர்களில் அமெரிக்க மண் நுண்ணுயிரியலாளர் எலைன் இங்காம் குறிப்பிடத்தக்கவர்.

தயாரிக்கும் முறை

- 20 லிட்டர் வாளியில் 15 லிட்டர் தண்ணீர் நிரப்பப்படுகிறது. மழைநீர் சிறந்தது. குளோரின் கலந்த குழாய்நீரை ஒரு நாள் திறந்து வைத்திருந்து பயன்படுத்தலாம்.
- சுமார் 1.5 கிலோ மட்கிய உரம் பருத்தித் துணியில் அல்லது சாக்குப் பையில் கட்டி, தண்ணீரில் தொங்கவிடப்படுகிறது.
- மீன் தொட்டிக்குப் பயன்படும் காற்றுப் பம்பு மூலம் 24 முதல் 36 மணி நேரம் இடைவிடாமல் காற்று செலுத்தப்படுகிறது.
- மண் வாசனை வந்தால் கரைசல் நன்றாக உள்ளது. அழுகல் நாற்றம் வந்தால் அதைச் செடிகளுக்கு ஊற்றாமல் உரக்குவியலில் கொட்டிவிட வேண்டும்.
- பம்பை நிறுத்திய சில மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். சேமித்து வைத்தால் ஆக்சிசன் குறைந்து, பயன்தரும் நுண்ணுயிர்கள் மடியும்.

குளிரும் மழையும்

குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாகவே பெருகும். உதகையில் குளிர்கால இரவு வெப்பநிலை உறைநிலையை நெருங்குவதால், அப்போது வாளியை வீட்டுக்குள் வைத்து ஊறும் நேரத்தையும் நீட்டுவது வழக்கம். தெளித்தவுடன் மழை பெய்தால் கரைசல் இலையிலிருந்து கழுவப்பட்டுவிடும். சரிவான நிலத்தில் ஊற்றியதும் அடித்துச் செல்லப்படும். எனவே மழையில்லாத நாளின் காலை வேளையே ஏற்றது. மாலையில் தெளித்தால் இரவு முழுவதும் இலைகள் ஈரமாக இருந்து பூஞ்சை நோய்க்கு இடமளிக்கும்.

வரம்புகள்

இத்தேநீரில் ஊட்டச்சத்தின் அளவு குறைவு. ஆகவே இது மட்கு உரத்துக்குத் துணையே தவிர மாற்று அல்ல. மண்ணின் அமிலத்தன்மையையும் இது சரிசெய்யாது. நீலகிரித் தோட்டங்களில் ஹைட்ராஞ்சியா நீல நிறத்தில் பூப்பது அமில மண்ணின் அடையாளம். அத்தகைய மண்ணில் இரும்பும் அலுமினியமும் பாசுபரசைப் பிடித்துவைத்துக்கொள்வதால், காய்கறிப் பாத்திகளுக்கு மண் பரிசோதனையின்படி சுண்ணாம்பு அல்லது டோலமைட் இடப்படுகிறது.

நோய்க்கட்டுப்பாட்டில் ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. உருளைக்கிழங்கின் பின்கருகல் நோய் இந்தியாவில் முதலில் அறியப்பட்டது 1870-1880 காலத்தில் நீலகிரியில்தான். ஈரமான குளிர்ந்த வானிலையில் வேகமாகப் பரவும் இந்நோய்க்கு இத்தேநீரை மட்டும் நம்பியிருக்க இயலாது.

பாதுகாப்பு

சரியாக மட்காத சாணத்தில் ஈ. கோலை போன்ற நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். நுண்ணுயிர்களைப் பெருக்க வெல்லம் அல்லது வெல்லப்பாகு சேர்த்தால் இக்கிருமிகளும் சேர்ந்தே பெருகும். எனவே குவியலின் உட்பகுதி 55 பாகை செல்சியசைக் கடந்து பல நாட்கள் சூடாக இருந்து, புரட்டப்பட்டு, முழுமையாக மட்கிய உரமே ஏற்றது. பச்சையாக உண்ணும் கேரட், முள்ளங்கி, கீரை ஆகியவற்றுக்கு அறுவடை நெருங்கும் காலத்தில் இதைத் தவிர்ப்பது நல்லது. வாளி, பை, குழாய் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் கழுவி உலர்த்த வேண்டும்.