வெயில் காயவைக்கும், துவைப்பது யார்?

குழந்தைக்குத் துணி கட்டுவது நல்லதா, கடை டயப்பர் போடுவது நல்லதா என்ற வாதத்தில் இரு தரப்பாரும் கையில் எடுக்கும் கணக்கு ஒன்று உண்டு. பிரிட்டன் அரசின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் வெளியிட்ட கணக்கு அது. பிறந்ததிலிருந்து இரண்டரை வயது வரை ஒரு குழந்தைக்குத் தூக்கியெறியும் டயப்பர்களையே போட்டால், அவற்றைத் தயாரிப்பது தொடங்கி குப்பையில் சேர்வது வரை சுமார் 550 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான மாசு காற்றில் கலக்கிறது. துவைத்துக் கட்டும் துணி என்றால் 570 கிலோ. பார்த்தீர்களா, துணியால் ஒரு லாபமும் இல்லை என்று டயப்பர் தரப்பு அத்தோடு படிப்பதை நிறுத்திவிடுகிறது. அதே அறிக்கையில் அடுத்து வருவதைப் படித்தால் கதை மாறுகிறது. துணிகளைக் கொடியில் காயப்போட்டு, சலவை இயந்திரம் நிறைந்த பிறகே ஓடவிட்டு, அதே துணிகளை அடுத்த குழந்தைக்கும் வைத்துக்கொண்டால் மாசில் சுமார் 200 கிலோ குறைகிறது. எல்லாவற்றையும் மின்சார உலர்த்தியில் போட்டுக் காயவைத்தால் 245 கிலோ கூடுகிறது. 2023இல் பிரிட்டன் அரசு இந்தக் கணக்கைப் புதுப்பித்தபோது டயப்பருக்கு 457 கிலோவும் துணிக்கு 345 கிலோவும் வந்தன. தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதைத் துவைக்கும் முறையும் காயவைக்கும் முறையுமே தீர்மானிக்கின்றன.

இந்தக் கணக்கை அப்படியே கொண்டுவந்து திண்டுக்கல்–பழனி சாலையில், ரெட்டியார்சத்திரத்தில் வைத்துப் பார்க்கலாம். இங்கே மின்சார உலர்த்தி வைத்திருக்கும் வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பழனி மலைத்தொடர் தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துவிடுவதால், வடகிழக்குப் பருவம் வரும் ஐப்பசி, கார்த்திகை தவிர்த்து ஆண்டின் பெரும்பகுதி வறண்ட காற்றும் வெயிலும்தான். அந்த வெயிலுக்குப் பொருத்தமான துணியும் வீட்டிலேயே இருக்கிறது. புது வேட்டியில் கஞ்சி இருக்கும். ஈரத்தை உடனே வாங்காது. பல வருடம் துவைத்து நைந்த நூல் வேட்டி அப்படியல்ல. ஓர் எட்டு முழ வேட்டியைக் கிழித்தால் முக்கோணமாக மடித்து இடுப்பில் முடிச்சுப் போடும் அளவில் எட்டுத் துண்டு தேறும். கட்டும்போது நாலைந்து மடிப்பாக இருப்பது, கொடியில் போடும்போது பிரிந்து ஒற்றைத் துணியாகிவிடுகிறது. காற்றும் வெயிலும் இரண்டு பக்கமும் படுவதால் சித்திரை வெயிலில் சீக்கிரமே மொறமொறவென்று காய்ந்துவிடும். இப்போது சில நூறு ரூபாய்க்கு விற்கும், பட்டன் வைத்த நவீன துணி டயப்பர்களில் பல அடுக்குகளைச் சேர்த்துத் தைத்திருப்பதால் அவை கூடுதலாக உறிஞ்சும். ஆனால் உள்ளடுக்கு காய நேரம் பிடிக்கும். ஒரு எச்சரிக்கை: பாலியஸ்டர் கலந்த வேட்டி இதற்கு உதவாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் ஒதுக்கிவிடுங்கள், உடனே பரவி உள்ளே போனால் அது நூல் துணி.

கடை டயப்பர் எதனால் ஆனது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வெளியே பிளாஸ்டிக் தாள், உடலில் படும் பக்கம் செயற்கை இழையாலான மெல்லிய விரிப்பு, நடுவே மரக்கூழ், அதற்குள் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற தூள். ஈரம் பட்டதும் கூழாகி நீரைப் பிடித்துவைத்துக்கொள்வது இந்தத் தூள்தான். குழந்தை இரவு முழுக்க நனையாமல் தூங்குவது இதனால்தான்; அந்த வசதி உண்மையானது, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மறுநாள் காலையில் அந்தக் கூழும் பிளாஸ்டிக்கும் மலமும் ஒன்றாகச் சுருட்டப்பட்டு எங்கே போகிறது? மக்கும் குப்பையிலும் சேராது, மறுசுழற்சிக்கும் ஆகாது. கிராம ஊராட்சிகளில் வீடு வீடாகக் குப்பை வாங்கித் தரம் பிரிப்பவர்கள் தூய்மைக் காவலர்கள். பிரிப்பது கையால். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. அந்தப் பட்டியலில் டயப்பர் இல்லை. இந்தோனேசியாவில் இது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தால் கவலை கூடுகிறது. உலக வங்கி 2018இல் அங்குள்ள நகரங்களின் நீர்நிலைக் கழிவுகளை ஆராய்ந்தபோது, அவற்றில் 21 விழுக்காடு டயப்பர்கள். ஜாவாவில் பலரும் டயப்பரை எரிப்பதில்லை. எரித்தால் குழந்தையின் தோல் புண்ணாகும் என்ற நம்பிக்கை அங்கே உண்டு. அதனால் ஆற்றில் போடுகிறார்கள். நம் ஊர் ஓடைகளும் கண்மாய்க் கரைகளும் அந்த நிலைக்குப் போக ரொம்ப காலம் பிடிக்காது.

செலவுக் கணக்கு எளிது. ஒரு டயப்பர் பத்து ரூபாய், நாளைக்கு ஆறு என்று வைத்தால் மாதம் 1,800 ரூபாய். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். மாதத்தில் ஐந்து நாள் கூலிக்கு மேல் டயப்பருக்கே போய்விடும். இந்தச் சுமையால் பல வீடுகளில் நனைந்த டயப்பரை இன்னும் தாங்கும் என்று மணிக்கணக்கில் விட்டுவைக்கிறார்கள். குழந்தையின் தோலுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை.

தோல் விஷயத்தில் இரண்டு பக்கமும் மிகைப்படுத்திப் பேசப்படுகிறது. துணி கட்டினால் புண்ணே வராது என்பார்கள் சிலர். டயப்பர்தான் தோலைக் காக்கும் என்று விளம்பரம் சொல்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2006இல் இதை ஆராய்ந்து, எந்தப் பக்கமும் உறுதியாகச் சொல்லப் போதுமான சான்று இல்லை என்றது. புண் வரும் விதம் தெரிந்ததே. ஈரத்தில் ஊறிய தோல் உராய்வில் எளிதில் தேயும். சிறுநீரும் மலமும் சேரும்போது காரத்தன்மை ஏறி, மலத்தில் உள்ள செரிமான நொதிகள் வீரியமடைந்து தோலை அரிக்கும். அதன்மேல் பூஞ்சை ஏறும். ஆக, எது கட்டினோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் மாற்றினோம் என்பதுதான் முக்கியம். இந்த ஓரிடத்தில் துணிக்கு ஒரு சாதகம் உண்டு. நனைந்தால் குழந்தை அழும், தூக்குபவர் கையும் நனையும். மாற்றாமல் இருக்க முடியாது.

தண்ணீர்தான் திண்டுக்கல்காரர்கள் உடனே எழுப்பும் கேள்வி. நியாயமான கேள்வி. நாளைக்குப் பன்னிரண்டு துணியைக் கையால் துவைத்து அலச மூன்று வாளி, அதாவது சுமார் 45 லிட்டர் ஆகும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு வைத்திருக்கும் அளவே 55 லிட்டர்தான். குழந்தையின் துணிக்கு மட்டும் ஏறக்குறைய ஓர் ஆளின் பங்கு போய்விடுகிறது. சிறியதென்று ஒதுக்க முடியாத செலவு இது. ஆனால் ரெட்டியார்சத்திரம் தண்ணீரை எண்ணிச் செலவிடத் தெரிந்த ஊர். இந்திய–இஸ்ரேல் கூட்டுமுயற்சியில் அமைந்த காய்கறி மகத்துவ மையம் இங்கேதான் சொட்டுநீரில் காய்கறி வளர்த்துக் காட்டுகிறது. அதே கணக்கைத் துவைக்கும் இடத்திலும் பார்க்கலாம். மூத்திரத் துணிகளை மாற்றியவுடன் ஒவ்வொன்றாக அலசாமல் சேர்த்துவைத்து ஒரே தடவையில் துவைக்கலாம். கடைசி அலசல் தண்ணீரை மறுநாள் முதல் நனைப்புக்கு வைத்துக்கொள்ளலாம், அல்லது வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். கீரைப் பாத்திக்கு மட்டும் கூடாது. மலம் பட்ட துணியின் முதல் அலசல் தண்ணீர் கழிப்பறைக்குள்தான் போக வேண்டும். துவைப்பைக் குறைக்க நம் பாட்டிமார் கையாளும் வழியும் இருக்கிறது: காலை நீட்டி உட்கார்ந்து, இரு பாதங்களுக்கு நடுவே குழந்தையை உட்காரவைத்து வெளிக்குப் போகப் பழக்குவது. தினம் ஒரு வேளை அப்படிப் பழகிவிட்டாலே, துவைக்கக் கடினமான துணிகளில் பெரும்பகுதி குறைந்துவிடும். கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் வாரங்களில் டயப்பர் வாங்குவதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இதைவிடப் பெரிய ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. துணிதான் நல்லது என்று சொல்பவர்கள் யாரைத் துவைக்கச் சொல்கிறார்கள்? மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். விடியுமுன் பூப்பறிக்கப் போகிற, நூற்பாலையில் ஷிப்டு பார்க்கிற தாயிடம் இன்னும் ஒரு மணி நேரத்தைக் கேட்பது சுற்றுச்சூழல் அக்கறை ஆகாது. அந்தக் காலத்தில் எல்லாரும் துணிதானே கட்டினார்கள் என்ற ஏக்கப் பேச்சும் பாதி உண்மையை மறைக்கிறது. வசதியான வீடுகளில் பிரசவத் தீட்டுத் துணியை வெளுப்பது வண்ணார் வீட்டுப் பெண்களின் கடமை என்று சாதி விதித்துவைத்திருந்தது. மற்ற வீடுகளில் பாட்டி, அத்தை, சித்தி என்று பல கைகள் இருந்தன. இன்று அந்தக் கைகள் இல்லை. சாதி சுமத்திய வேலை திரும்பவும் கூடாது. ஆகவே துணியை ஆதரிக்கிறவர்கள் அதே மூச்சில், துவைப்பதில் பாதி அப்பாவுடையது என்றும் சொல்ல வேண்டும். பால் கொடுப்பதைத்தான் அவரால் செய்ய முடியாது. துணி அலச முடியும். பிரசவமான வீட்டுக்குக் கிராம சுகாதார செவிலியர் வரும்போது தாயிடமும் மாமியாரிடமும் மட்டும் பேசிவிட்டுப் போகாமல், அப்பாவையும் கூப்பிட்டு உட்காரவைத்துத் துவைக்கும் முறையைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

அந்த முறையில் பிசகினால் துணியே கெடுதல் செய்யும். கைக்குழந்தையின் மலத்தில் அருவருப்பதற்கு ஒன்றுமில்லை என்று சொல்வது பாசம். ஆனால் வயிற்றுப்போக்குக் கிருமிகள் அதிலும் உண்டு. அடிகுழாய் மேடையிலோ கிணற்றடியிலோ அலசினால் அது குடிதண்ணீருக்குப் போய்விடும். மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். எடுத்தவுடன் வெந்நீரில் போட்டால் கறை பிடித்துக்கொள்ளும். பிறகுதான் சோப்பும் சூடும். பிரிட்டனில் சொல்லும் அளவு 60 டிகிரி. பூஞ்சைப் புண்ணோ வயிற்றுப்போக்கோ இருக்கும் நாள்களில் அந்தச் சூடு அவசியம். திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் பல இடங்களில் ஆழ்துளைத் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீரில் சோப்புக்கட்டி நுரைக்காது. திரிந்து வெள்ளையாக இழையில் படிந்து துணியை அட்டைபோல ஆக்கிவிடும். அந்தத் துணி உறிஞ்சவும் செய்யாது, தொடையையும் அறுக்கும். இந்தத் தண்ணீருக்குச் சலவைத்தூளும் அதோடு கொஞ்சம் சலவை சோடாவும் போட்டு, நுரை மிஞ்சாமல் நன்றாக அலசுவதே சரி. துணி மிருதுவாக ஊற்றும் வாசனைத் திரவத்தைத் தவிர்த்துவிடுங்கள். அது இழையின்மேல் படலமாகப் படிந்து ஈரம் உறிஞ்சுவதைத் தடுக்கும். கிருமிநாசினியை அளவு பாராமல் ஊற்றுவதும் ஆபத்து. 1967இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர மருத்துவமனையொன்றில் துணிகளைத் துவைக்கும்போது பென்டாகுளோரோபீனால் வகை மருந்தைச் சேர்த்தார்கள். அது தோல் வழியே ஏறிப் பச்சிளம் குழந்தைகள் பாதிக்கப்பட்டு, இரண்டு குழந்தைகள் இறந்துபோயின.

நம் வீடுகளில் இன்னொரு ஆபத்து டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது. பேறுகாலம் நெருங்கும்போது அம்மா வீட்டில் பழைய வேட்டி சேலைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துணி கிழிப்பார்கள். அந்தப் பெட்டியில் பாச்சை உருண்டை போட்டிருப்பார்கள். நாப்தலீனால் ஆன அந்த உருண்டையின் ஆவி துணியில் ஏறியிருக்கும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது பட்டாலோ மூச்சில் போனாலோ சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரும். மூளையைப் பாதிக்கும் அளவுக்கும் போகும். இந்தக் குறைபாடு உள்ள குழந்தை பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கும் என்பதால் முன்கூட்டித் தெரியாது. துவைத்துவிட்டால் போதும் என்று நினைக்காமல், அந்த வாசம் ஏறிய துணியைக் குழந்தைக்கு எடுக்காமலே இருப்பதுதான் பாதுகாப்பு.

ஐப்பசி அடைமழையில் துணி இரண்டு நாளானாலும் காயாது, ஈரவாடை அடிக்கும். பழனி பஸ்ஸில் குழந்தையோடு போகும்போது துணி கட்டி மாளாது. அந்த நாள்களுக்கும் இரவுக்கும் டயப்பர் இருக்கட்டும். பகலில் வீட்டில் இருக்கும் நேரம் துணி என்று வைத்தாலே வாங்கும் எண்ணிக்கை பாதிக்குமேல் குறையும். வாங்கியதை வெளியேற்றும்போது மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, டயப்பரை இறுகச் சுருட்டி, செய்தித்தாளில் பொதிந்து, மேலே சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டு, மற்றக் குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும். 2016 திடக்கழிவு விதிகள், சுற்றிக்கொடுப்பதை வீட்டுக்காரரின் பொறுப்பாகவும், சுற்றுவதற்கான பை தருவதைத் தயாரிப்பாளரின் பொறுப்பாகவும் வைத்தன. பை வந்தாலும் வராவிட்டாலும், அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்தால் தூய்மைக் காவலர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் ஒதுக்கிவைப்பார்.