7ஐ 2ஆல் வகுத்தால் 3

7ஐ 2ஆல் வகுத்தால் மூன்றரை என்பது பள்ளிக் கணக்கு. சி என்ற நிரல்மொழியில் 7/2 என்று எழுதினால் விடை 3. இரண்டும் முழு எண்கள். ஆகவே விடையும் முழு எண்தான். மிச்சமுள்ள அரை சத்தமில்லாமல் கழன்றுவிடும். மூன்றரையே வேண்டுமென்றால் 7.0/2 என்று எழுத வேண்டும்.

சமக்குறியும் இப்படித்தான் காலை வாரும். ஒரு சமக்குறி போட்டால் ‘இந்த மதிப்பை இதில் வை’ என்று பொருள். இரண்டு போட்டால்தான் ‘சமமா?’ என்ற கேள்வி. நிபந்தனையில் வயது == 18 என்பதற்குப் பதிலாக வயது = 18 என்று எழுதிவிட்டால், எண்பது வயதுத் தாத்தாவுக்கும் 18 ஆகிவிடும்; நிபந்தனையும் எப்போதும் நிறைவேறிவிடும். மொழியின் விதிப்படி இதில் பிழையே இல்லை!

இந்த அலட்சியத்துக்கு வரலாறு உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் இம்மொழியை உருவாக்கினார். அவருடைய சகா கென் தாம்சன் எழுதிய ‘பி’ மொழிக்கு அடுத்தது என்பதால் ‘சி’. அவர்களிடம் இருந்த பிடிபி-11 கணினியின் நினைவகம் 24 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதில் அடங்காது. அந்த நெருக்கடியில் பிறந்த மொழி, எழுதுபவருக்கு எல்லாம் தெரியும் என்று நம்பியது. 1973இல் யூனிக்ஸ் இயங்குதளமே சி மொழியில் திருத்தி எழுதப்பட்டது.

நினைவக நெருக்கடியில் பிறந்த மொழி என்பதால், சி கற்பது என்றால் முக்கியமாக நினைவகத்தைக் கற்பதுதான். ஐந்து பாட மதிப்பெண்களை அடுத்தடுத்து வைக்க ஓர் அரே அமைத்தால் அதன் இடங்களுக்கான எண்கள் 0 முதல் 4 வரை. காரணம், அவை வரிசை எண்கள் அல்ல. தொடக்கத்திலிருந்து எத்தனை இடம் தள்ளி என்ற கணக்கு. முதல் மதிப்பெண் தொடக்கத்திலேயே இருக்கிறது, எனவே 0. பாயிண்டர் என்பதும் நினைவகத்தின் ஒரு முகவரியை வைத்திருக்கும் மாறி, அவ்வளவுதான். ‘ஸ்கேன்ஃப்’ என்ற ஃபங்ஷன் மூலம் ஓர் எண்ணை வாங்கும்போது மாறிக்கு முன்னால் & போடுவதும் அதனால்தான்: கொண்டுபோய் வைக்க முகவரி தெரிய வேண்டுமே! இதைச் சொல்லாமல் ‘& போடு’ என்று மனப்பாடம் செய்யவைத்துவிட்டு, பாயிண்டர் பாடத்தைக் கடைசிக்குத் தள்ளுவது தலைகீழ் வேலை.

அந்த அரேயில் இல்லாத ஆறாவது இடத்தில் எழுதினால் என்ன ஆகும்? பெரும்பாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். பக்கத்தில் இருக்கும் வேறு ஏதோ அழியும். உள்ளீட்டை வாங்கும் ‘கெட்ஸ்’ என்ற ஃபங்ஷனுக்கு இதே குறை: இடம் எவ்வளவு என்று கேட்காமலே கொட்டிக்கொண்டிருக்கும். 1988 நவம்பரில் இணையத்தின் ஒரு பகுதியை முடக்கிய மோரிஸ் வோர்ம் என்ற தீநிரல், கணினிகளுக்குள் புகுந்த வழிகளில் இந்தக் குறையும் ஒன்று. 2011இல் வந்த சி மொழியின் தர வரையறை கெட்ஸை நீக்கிவிட்டது. பழைய பாடப்புத்தகங்கள் இன்னும் நீக்கவில்லை.

தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் நெடுங்காலம் டர்போ சியின் நீலத்திரையில்தான் பாடம் நடந்தது. அது 1987இல் வந்த கம்பைலர். அதில் முழு எண்ணுக்கான ‘இன்ட்’ வகை மாறி 32,767க்கு மேல் தாங்காது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அது வேண்டாம். ஜிசிசி, கிளாங் என்ற கம்பைலர்கள் இரண்டும் இலவசம். சந்தேகமான வரிகளைச் சுட்டிக்காட்டும் எச்சரிக்கை வசதி இரண்டிலும் உண்டு. முதல் நாளே அதை இயக்கிவிட்டு எழுத உட்காருங்கள்.