கொலைகாரனைப் பார்த்துப் பாவப்படலாமா? ‘சைக்கோ’ படம் கிளப்பிய சண்டை

மிஷ்கின் இயக்கிய ‘சைக்கோ’ 2020 ஜனவரி 24ஆம் தேதி, சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள், வெளிவந்தது. இளையராஜாவின் இசையில் யாருக்கும் குறை இல்லை. ஆனால் படத்தின் முடிவைப் பற்றிய சண்டை மட்டும் இன்றுவரை தீரவில்லை. “இத்தனை பெண்களைக் கொன்றவனுக்காக நான் ஏன் பாவப்பட வேண்டும்?” என்பது ஒரு சாரார் கேள்வி. “பாவப்பட்டால்தானே மனிதர்?” என்பது இன்னொரு சாரார் பதில்.

(படத்தை இன்னும் பார்க்காதவர்களுக்கு: முடிவு இந்தக் கட்டுரையில் வருகிறது.)

கதை என்ன?

கோயம்புத்தூரில் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கடத்தப்பட்டு, தலையில்லாத உடல்களாகக் கிடைக்கிறார்கள். வானொலி அறிவிப்பாளர் தாகினியும் (அதிதி ராவ்) கடத்தப்படுகிறார். அவரைக் காதலிக்கும் கண் தெரியாத இசைக் கலைஞர் கௌதம் (உதயநிதி), கழுத்துக்குக் கீழே செயலிழந்த முன்னாள் போலீஸ் அதிகாரி கமலா தாஸின் (நித்யா மேனன்) உதவியோடு தேடிப் போகிறார்.

கொலைகாரன் யாரோடும் பேசாத, தனியாக வாழும் ஒருவன். சிறு வயதில் ஆசிரியை ஒருவரிடம் பட்ட கொடுமைதான் அவனை இப்படி ஆக்கியது என்கிறது படம். கடைசியில், அவன் கையில் சாக இருந்த தாகினியே அவனை ஒரு குழந்தையாகப் பார்க்கிறார். பலருக்குத் தொண்டையில் சிக்கியது இந்த இடம்தான்.

கண் தெரியாதவர் கார் ஓட்டுவது எப்படி, இத்தனை கொலை நடந்தும் போலீசுக்கு ஒரு துப்பும் கிடைக்காதது எப்படி என்ற கேள்விகளும் எழுந்தன. அவை கதை ஓட்டைகள். சிரித்துவிட்டுப் போகலாம். தாகினியின் இரக்கத்தை அப்படித் தள்ளிவிட முடியவில்லை.

நமக்குள் அந்த இரக்கம் எப்படி வருகிறது?

இது புதிய வித்தை அல்ல. 1960இல் வந்த ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வில், கொலையான பெண்ணின் உடலைக் காரில் வைத்துச் சேற்றுக் குட்டையில் தள்ளுவான் நார்மன் பேட்ஸ். பாதி மூழ்கிய கார் திடீரென்று நின்றுவிடும். அவன் முகத்தில் பயம். அந்த நொடியில் பார்ப்பவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, “மூழ்கிவிடு” என்று நினைத்துவிடுகிறார். சற்று முன்பு வரை அந்தப் பெண்ணோடு இருந்த நாம், எப்போது இவன் பக்கம் வந்தோம் என்று தெரியாது.

காரணம் எளிது. கேமரா யாரோடு அதிக நேரம் தனியாக இருக்கிறதோ, அவர் நமக்குத் தெரிந்தவர் ஆகிவிடுகிறார். அவருடைய அறை, அவருடைய மௌனம், அவருடைய சிறு வயது எல்லாம் நமக்குத் தெரிகின்றன. தெரிந்தவரை வெறுப்பது கடினம்.

யாருடைய கதை விடுபடுகிறது?

எதிர்ப்பவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. கொலைகாரனின் பால்யம் நமக்குத் தெரியும். செத்துப்போன பெண்களில் எத்தனை பேருடைய பெயர் நினைவில் நிற்கிறது? அவர்கள் வீட்டில் யார் காத்திருந்தார்கள்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நார்மன் பேட்ஸின் கோளாறுக்குக் காரணமாகக் காட்டப்படுபவர் அவன் தாய். 1978இல் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ படத்தில் கமல்ஹாசன் நடித்த திலீப், பெண்களை வெறுக்கும் மனிதரிடம் வளர்ந்தவன். அவன் வெறுப்பும் சிறு வயதில் பெண்களால் பட்ட காயத்தில்தான் தொடங்குகிறது. மிஷ்கின் படத்தில் ஓர் ஆசிரியை. சாவதும் பெண்கள், அந்தச் சாவுக்கு மூல காரணம் என்று கைகாட்டப்படுவதும் ஒரு பெண். மன்னிக்கும் வேலையும் தாகினி தலையில்தான் விழுகிறது.

அங்குலிமாலன் கதை சொல்வது

மிஷ்கினின் கொலைகாரன் நினைவூட்டுவது பௌத்தக் கதையில் வரும் அங்குலிமாலனை. கொன்றவர்களின் விரல்களை மாலையாகப் போட்டுக்கொண்டவன் அவன். புத்தரைச் சந்தித்துத் துறவியானான். பலருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கதை அங்கே முடியவில்லை. பிச்சைக்குப் போன இடத்தில் அவன் மீது கல்லும் தடியும் விழுகின்றன. மண்டை உடைந்து, ரத்தம் வழியத் திரும்பி வருகிறான். “பொறுத்துக்கொள், இது உன் வினையின் பலன்” என்பதுதான் புத்தர் சொன்னதன் சாரம்.

அதாவது இரக்கம் இருந்தது. ஆனால் கணக்கு அழிக்கப்படவில்லை. ஒருவன் ஏன் இப்படி ஆனான் என்று புரிந்துகொள்வது ஒன்று, அவன் செய்ததை மன்னிப்பது வேறொன்று. திரையரங்கை விட்டுக் கோபத்தோடு வந்தவர்கள், இந்த இரண்டையும் படம் ஒன்றாக்கிவிட்டதாக நினைத்தார்கள். கலங்கிப்போய் வந்தவர்களுக்கு முதலாவது மட்டுமே தெரிந்தது. இரு தரப்புமே படத்தைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

நம் தாமானில் இருக்கும் ‘சைக்கோ’

இந்தப் படங்களால் நம் பேச்சில் தங்கிவிட்ட சொல் ஒன்று உண்டு. அடுக்குமாடியில் யாரோடும் பேசாமல் போய் வரும் பையன், தோட்டத்தில் தனியாக இருந்துகொண்டு தனக்குத்தானே பேசும் பெரியவர் எல்லாருக்கும் நாம் வைக்கும் பெயர் ‘சைக்கோ’.

உண்மை வேறு. மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் துன்புறுத்துவதில்லை. பிறரால் துன்புறுத்தப்படும் ஆபத்துதான் அவர்களுக்கு அதிகம். ரோத்தான் அடியில் வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அந்த வலியை யாரிடமும் சொல்லாமல் சுமந்தவர்கள் உண்டே தவிர, அவர்கள் கத்தியை எடுக்கவில்லை.

மலேசியாவில் அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி மனநலம் பற்றியும் மருத்துவரிடம் கேட்கலாம். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணுக்கு அழைத்துப் பேசலாம். அந்தப் பையனிடம் “சாப்பிட்டாயா தம்பி?” என்று கேட்க அதுகூடத் தேவையில்லை.

திரையில் வரும் கொலைகாரனுக்குப் பாவப்படலாமா என்று வாதாடுவோம், தப்பில்லை. அவனுக்காகக் கண் கலங்கிய கையோடு, பக்கத்து வீட்டுப் பையனை ‘சைக்கோ’ என்று கூப்பிடாமல் இருந்தால் போதும்.