பின்பாரம் தாங்கிய டகோட்டா

மானாம்பதியில் களத்துமேட்டில் நின்று அண்ணாந்து பார்த்தால், சென்னைப் பக்கம் போகிற விமானம் விரல் நீளம்கூட இருக்காது. அதன் தாத்தாவைக் கிட்ட நின்று பார்க்கக் கடல் தாண்ட வேண்டும். கொழும்பை ஒட்டிய இரத்மலானையில், இலங்கை விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது டகோட்டா. டக்ளஸ் நிறுவனத்தின் டிசி-3.

இந்த ரக விமானம் நமக்கு அன்னியமில்லை. 1947 டிசம்பர் 10 அன்று இலங்கையின் ஏர் சிலோன் விமான கம்பெனியின் முதல் பயணம் இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி ஏறி, சென்னையில்தான் முடிந்தது. வந்த டகோட்டாவின் பெயர் 'சீதாதேவி'. இலங்கையிலிருந்து வான்வழியாகத் திரும்பியவளின் பெயர்! வைத்தவர் ரசிகர்தான்.

மாட்டை அவிழ்த்துவிட்ட வண்டி பின்பாரத்தில் சாய்ந்து, நுகத்தடி வானம் பார்க்க நிற்குமே, அப்படித்தான் இது நிற்கும். முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலுக்கடியில் ஒரு குட்டிச் சக்கரம். கதவு பின்பக்கம். ஏறி உள்ளே போனாலும் முன் இருக்கைக்கு ஏரிக்கரை ஏறுவதுபோல நடக்க வேண்டும். மூக்கு தூக்கியிருப்பதால் சுழலும் புரொப்பல்லர் தரையில் இடிக்காது. கரடுமுரடான மண் தரையிலும் இறங்கலாம். பெரிய சக்கரங்களை மடக்கினாலும் டயரின் அடிப்பாகம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். சக்கரம் இறங்க மறுத்து வயிற்றால் தரை தொட நேர்ந்தால், அந்தத் துருத்தல் சேதத்தைக் குறைக்கும்.

டிசி-3 முதலில் பறந்தது 1935 டிசம்பர் 17. இருக்கை 21. அதுவரை விமான கம்பெனிகள் தபால் மூட்டையை நம்பித்தான் பிழைத்தன. டிக்கெட் காசிலேயே கட்டுப்படியான முதல் விமானம் என்று பேர் வாங்கியது இது. டகோட்டாவின் எஞ்சின் இரண்டு, ஒவ்வொன்றும் 1,200 குதிரைத்திறன். பதினான்கு சிலிண்டர்கள், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி நடுத்தண்டைச் சுற்றி இரண்டு அடுக்கு. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. புல்லட் எஞ்சினில் இருக்கிற அதே செதில்கள், எதிர்காற்றே குளிர்விக்கும். ஓர் எஞ்சின் நின்றாலும் மற்றொன்று தாங்கும். ஆனால் உள்ளே காற்றழுத்தம் கட்டிவைக்கும் வசதி இல்லை. மேகத்துக்கு மேலே ஏறித் தப்ப முடியாமல், அதற்குள்ளேயே குலுங்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

இரண்டாம் உலகப் போருக்காக ஆயிரக்கணக்கில் செய்தார்கள். போர் முடிந்ததும் மலிவு விலைக்கு வந்தன. புதிதாகக் கடை விரித்த விமான கம்பெனிகளுக்கு யோகம்.

எனக்குப் பிடித்தது இதன் ரிப்பேர் குணம். இறக்கையின் வெளிப்பாகம் நடுப்பாகத்தோடு வரிசையாக போல்ட் போட்டுப் பூட்டியது, கழற்றி மாட்டலாம். 1941இல் சீனாவில் ஒரு டிசி-3இன் ஓர் இறக்கை ஜப்பானியக் குண்டில் சிதைந்தது. மாற்று இறக்கை கைவசம் இல்லை. ஹாங்காங்கிலிருந்து பழைய டிசி-2இன் இறக்கையை இன்னொரு விமானத்தின் வயிற்றில் கட்டிக் கொண்டுவந்து பூட்டினார்கள். ஒரு பக்கம் ஐந்தடி குட்டை. அப்படியும் பறந்து ஹாங்காங் போய்ச் சேர்ந்தது. அதற்கு விழுந்த பேர்: டிசி-இரண்டரை.