ஒரு கிராமில் மூன்று கிரவுண்டு

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, சன்னமான ஆற்று மணலை ஒரு சிட்டிகை போடுங்கள். 10 சென்டிமீட்டர் இறங்கி அடியில் உட்கார அதற்குப் பத்துப் பன்னிரண்டு விநாடி போதும். இன்னொரு டம்ளரில் குளத்துக் களிமண்ணைக் கரைத்து வையுங்கள். 2 மைக்ரான் அளவுள்ள களித்துகள் ஒன்று அதே 10 சென்டிமீட்டரைக் கடக்க எட்டு மணி நேரம் பிடிக்கும். அதைவிட நுண்ணியவை நாள்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும்.

மீன்தொட்டியில் செடி வளர்ப்பவர்களுக்கு இந்தக் கலங்கல் என்றால் பயம். பளிங்கு போன்ற தண்ணீருக்காகத்தானே இத்தனை பாடு? ஆனாலும் அனுபவப்பட்டவர்கள் பலர் அடிமண்ணில் கொஞ்சம் களிமண்ணைக் கலந்துதான் வைக்கிறார்கள். மணல் மட்டும் பரப்பிய தொட்டியில் செடி வெளிறிப்போவதைப் பார்த்தவர்கள் அவர்கள்.

களிமண் என்பது பொடிப்பொடியாக அரைத்த மணல் அல்ல. மணல் பாறையின் உடைசல். களிமண்ணோ, பாறை காலங்காலமாக நீரில் சிதைந்து புதிதாக உருவெடுத்த கனிமம். மின்நுண்ணோக்கியில் பார்த்தால் அப்பளக் கட்டுபோல் தகடு தகடாக அடுக்கியிருக்கும். அந்தத் தகடுகளில் சிலிக்கான் அணு இருக்க வேண்டிய இடத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாக அலுமினியம் உட்கார்ந்திருக்கும். அலுமினியத்தின் இடத்தில் மெக்னீசியம். வந்து உட்கார்ந்ததற்கு நேர்மின்னூட்டம் ஒன்று குறைவு. அதனால் தகடு முழுவதும் எதிர்மின்னூட்டம் தேங்குகிறது. அம்மோனியம், பொட்டாசியம், கால்சியம் என்று நேர்மின்னூட்டம் உள்ள அயனி எது வந்தாலும் இழுத்து ஒட்டவைத்துக்கொள்கிறது.

எவ்வளவு இடம் இருக்கிறது ஒட்டிக்கொள்ள? கரிசல் மண்ணில் நிறைந்திருக்கும் மான்ட்மோரில்லோனைட் வகைக் களியில், தகடுகளின் உள்பக்கத்தையும் சேர்த்தால், ஒரு கிராமின் பரப்பு 700 சதுர மீட்டருக்கு மேல் போகும். சென்னைக் கணக்கில் மூன்று கிரவுண்டு! ஒரு சிட்டிகையில் இவ்வளவு மனை. கோடையில் கரிசல் காடு பாளம் பாளமாக வெடிப்பதும் மழையில் உப்புவதும் இந்தத் தகடுகளுக்கு நடுவே நீர் போய்வருவதால்தான். செம்மண்ணிலும் பானை மண்ணிலும் அதிகமுள்ள கயோலினைட் அப்படித் திறந்துகொடுக்காது. அதன் பரப்பு கிராமுக்கு 10 முதல் 20 சதுர மீட்டர்தான். தலையில் களிமண்ணா என்று கேட்பவர்கள் இனி எந்தக் களிமண் என்றும் சொன்னால் நல்லது.

மண்ணின் இந்தப் பிடியை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் நிலம் வைத்திருந்த எச்.எஸ். தாம்ப்சன். எருவில் உள்ள அம்மோனியா மழையில் கரைந்து ஓடிவிடுமோ என்பது அவர் கவலை. ஒரு குழாயில் மண்ணை நிரப்பி அம்மோனியம் சல்பேட் கரைசலை ஊற்றினார். கீழே சொட்டியதில் இருந்தது கால்சியம் சல்பேட்! மண் அம்மோனியத்தைப் பிடித்துக்கொண்டு கால்சியத்தைக் கொடுத்திருந்தது. வேதியியலர் ஜே. தாமஸ் வே இதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1850இல் வெளியிட்டார். இது களியின் வேலைதான் என்று காட்டினார்.

மீன்தொட்டியில் நடப்பதும் இந்தப் பண்டமாற்றுதான். மீன்கள் செவுள் வழியே அம்மோனியாவைக் கழிக்கின்றன. தண்ணீரில் அது கூடினால் மீனுக்கே நஞ்சு. அம்மோனியமாக மாறி அடிமண்ணுக்கு வந்து சேர்வதைக் களி பிடித்து வைக்கிறது. வேர் ஒரு ஹைட்ரஜன் அயனியைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொள்கிறது. பாசிக்கு மண்ணில் பாயும் வேர் இல்லை; தண்ணீரில் கரைந்திருப்பதுதான் அதற்குச் சாப்பாடு. எனவே உரத்தைத் தண்ணீரில் ஊற்றுகிறவர் செடியோடு சேர்த்துப் பாசிக்கும் பந்தி போடுகிறார். களியில் சேமிக்கிறவர் வேருள்ளதற்கு மட்டும் பரிமாறுகிறார். ஆனால் நைட்ரேட்டைக் களியால் பிடிக்க முடியாது, அதற்கும் எதிர்மின்னூட்டம்.

இரும்பின் கதை இன்னும் அழகு. செம்மண்ணின் சிவப்பு, துரு. துருவாக இருக்கும்வரை இரும்பு நீரில் கரைவது மிகவும் அரிது. மண் நீரில் மூழ்கி ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் அந்தத் துருவைக் கொண்டே சுவாசிக்கத் தொடங்குகின்றன. இரும்பு கரைகிறது, அதில் ஒட்டியிருந்த பாஸ்பேட்டும் விடுபடுகிறது. இரண்டும் மேலே ஏறி, ஆக்சிஜன் உள்ள மேல்மண்ணைத் தொட்டதும் இரும்பு மறுபடி துருவாகிப் பாஸ்பேட்டை மடக்கிப்போடுகிறது. அடிச்சேற்றுக்கு இது ஒரு மூடி. இங்கிலாந்து ஏரிகளின் சேற்றில் இதை விளக்கியவர் கிளிஃபோர்ட் மார்ட்டிமர், 1941-42இல். நெல்வயல் சேற்றின் வேதியியலை 1972இல் விரிவாகத் தொகுத்தவர் இலங்கையரான ஃபீலிக்ஸ் பொன்னம்பெரும. அமில மண்ணோ கார மண்ணோ, நீரில் மூழ்கிய சில வாரங்களில் அதன் பி.எச். பெரும்பாலும் 7-ஐ ஒட்டி வந்துவிடும் என்பது அவர் எடுத்துக்காட்டியவற்றில் ஒன்று. புதுத்தொட்டி வைத்து முதல் மாதம் பொறுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

களி நல்லது என்று அள்ளிக் கொட்டிவிடக் கூடாது. வெறும் களி இறுகிப்போய், நீரோட்டம் நின்று, அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். பொலபொலப்பான மண்ணில் சிறிதளவு கலந்து ஓர் அங்குலத்துக்குப் பரப்பி, மேலே ஓர் அங்குலம் சன்னச் சரளை போடுவது நல்ல வழக்கம். முதலில் மண்ணை மட்டும் நனைத்துவிட்டு, சரளைமேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் தண்ணீரை மெல்ல ஊற்றினால் கலங்காது. ஏற்கெனவே செடி வைத்துவிட்டவர்கள் களியைச் சுண்டைக்காய் அளவு உருட்டிக் காயவைத்து வேரடியில் அழுத்திவிடலாம். உரமும் மருந்தும் அடித்த வயலின் மண் வேண்டாம். உடைந்த பானையை இடித்துப் போடுவதும் வீண். சூளையில் வெந்த களி தன் பிடியைப் பெருமளவு இழந்துவிடுகிறது.

செடியை இடம் மாற்றப் பிடுங்கும்போது வேரை உடனே அலசிவிடாதீர்கள். சில வேர்களில் செம்பழுப்பாக ஒரு பூச்சு இருக்கும். அழுகல் என்று நினைத்து வெட்டி எறிபவர்கள் உண்டு. இலையிலிருந்து ஆக்சிஜனை வேர் கீழே இறக்கியிருக்கிறது. சேற்றில் கரைந்திருந்த இரும்பு அதைத் தொட்டுத் துருவாகப் படிந்திருக்கிறது. வயலில் பிடுங்கிய நெல்லின் வேரிலும் இருப்பது அதே துருதான்.