அரிசி உண்டு, குழம்புக்கு?

தஞ்சைத் தரணியை நெற்களஞ்சியம் என்பார்கள். மேடையிலே கேட்க இனிக்கத்தான் செய்கிறது. அந்தக் களஞ்சியத்தின் கடைக்கோடியிலே, கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை என்கிற கடைமடையிலே, உப்பளமும் கடலும் ஒருபுறமும் தென்னந்தோப்பு மறுபுறமுமாகக் கிடக்கிறது அதிராம்பட்டினம். அங்கே உப்பு வாரியும் மீன் கூடை சுமந்தும் நாற்று நட்டும் ஓய்ந்துபோன ஒரு மூதாட்டி, முதியோர் உதவித்தொகை ஒன்றையே நம்பி எதைத் தின்று உயிர் வாழ்கிறாள்? களஞ்சியத்தின் பெருமை பேசுவோர் இதற்கு விடை கூறட்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உதவித்தொகை 2011-ல் ரூ.1,000 ஆயிற்று. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023-ல், ரூ.1,200 ஆயிற்று. முப்பதால் வகுத்தால் நாளொன்றுக்கு 40 ரூபாய். டெல்லியின் பங்கு இதிலே எவ்வளவு? இந்திரா காந்தியின் பெயரால் 2007-ல் வந்த திட்டத்தில், எண்பது வயதாகாத முதியவருக்கு மத்திய அரசு தருவதாகச் சொன்னது மாதம் 200 ரூபாய். அதாவது நாளைக்கு 6 ரூபாய் 66 காசு. அதன் பிறகு எத்தனையோ வரவு செலவுத் திட்டங்கள் வந்து போயின. பருப்பு விலை ஏறிற்று, எண்ணெய் விலை ஏறிற்று, சமையல் எரிவாயு உருளை எண்ணூறு ரூபாயைத் தாண்டிற்று. அந்த 200 மட்டும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆணி அடித்தாற்போல் நின்ற இடத்திலேயே நின்றது!

இருந்தும் பட்டினிச் சாவு இல்லையே, எப்படி என்று கேட்கலாம். அரிசி இருக்கிறது, அதனால்தான். அது தானாக வந்ததல்ல, தோழர்களே. 1952-ல் இராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தெறிந்தார். அரிசியைச் சந்தையின் கையில் விட்டார். 1967-ல் அரிசியை முன்வைத்து அண்ணா தேர்தல் களம் கண்டார். ரூபாய்க்கு மூன்று படி என்பது குறிக்கோள், ஒரு படி என்பது உறுதி என்றார். ஒரு படியும் சென்னையிலும் கோவையிலுமாகத்தான் முதலில் கிடைத்தது. அதற்கே கேலி பேசினார்கள். 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இதே கீழத்தஞ்சையில், கூலியிலே அரைப்படி நெல் கூடக் கேட்ட போராட்டத்தின் நடுவே, கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரே குடிசையில் வெந்தன. அரிசிக்கு இந்த மண் கொடுத்த விலை அது. நம் ஆட்சியின் நாளில் நடந்தது என்பதற்காக அதைச் சொல்லாமல் விட மாட்டோம்.

1997-ல் மத்திய அரசு ஏழை, ஏழையல்லாதார் என்று கோடு கிழித்து ரேஷனைச் சுருக்கியபோது, தமிழ்நாடு அந்தக் கோட்டை ஏற்காமல் எல்லோருக்கும் பொதுவாகவே வைத்துக்கொண்டது. 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் விலையே இல்லை. கடைசிப் படியை ஏறியது மாற்று முகாம்தான். ஏறியதை ஏறியதென்று சொல்வதில் நமக்கு வெட்கமில்லை.

ஆக, அரிசி உண்டு. சிக்கல் குழம்பிலே இருக்கிறது.

ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். 2007-ல் தொடங்கிய சிறப்புத் திட்டம்; வெளிக்கடை விலையைப் பார்த்தால் பெரிய உதவி. ஆனால் பருப்பு அட்டைக்கு ஒரு கிலோ. வீட்டில் நான்கு பேர் என்றால் ஆளுக்கு நாளைக்கு எட்டு கிராம் சொச்சம். கரண்டியைப் பானைக்குள் விட்டுத் துழாவினாலும் அகப்படாத பருப்பு! தனியாளுக்கே 33 கிராம்தான் தேறும். பருப்பும் மீனும் முட்டையும் சேர்த்து நாளைக்கு 85 கிராம் வேண்டும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவுக் குறிப்பு. வயிறு நிறையச் சோறு தின்றும் கைகால் சோர்ந்து கிடக்கும் முதியவரைச் 'சோம்பேறி' என்று ஏசுகிறோமே, சோற்றோடு என்ன தின்றார் என்று கேட்டதுண்டா?

கடற்கரை ஊர் என்பதால் அதிராம்பட்டினத்துக்கு ஒரு வழி உண்டு. வஞ்சிரமும் கொடுவாவும் பணக்காரர் வீட்டுக்குப் போகட்டும். மத்தி, காரல், நெத்திலி ஆகியவை ஏழையின் மீன்கள். முள்ளோடு மென்று தின்னக்கூடிய நெத்திலியில் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்தே வருகிறது. சென்னாக்கூனியை வறுத்துப் பொடித்து வைத்தால் ஒரு பிடியில் ஒரு வேளைச் சோறு இறங்கும். கொல்லையில் நிற்கும் முருங்கை காசு கேட்பதில்லை. இரவுச் சோற்றில் நீரூற்றி வைத்தால் காலைக்கு அடுப்பு மூட்ட வேண்டாம். இந்த வித்தைகளை நாம் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. நாற்பது ரூபாயில் நாளை ஓட்டுகிறவள் நமக்குக் கற்றுக்கொடுப்பாள். வெற்றிலைக்குக் காசு செலவழிக்கிறாளே என்று கணக்குப் பார்க்கும் கனவான்களும் உண்டு. அந்தக் கனவான்கள் ஒரு வாரம் நாற்பது ரூபாயில் வாழ்ந்துவிட்டு வந்து பேசட்டும்!

வருடத்தில் ஒரு மாதம் இந்த ஊரில் வேறு காட்சி. நோன்பு மாதத்தில் பள்ளிவாசல்களில் கஞ்சி காய்ச்சுகிறார்கள். தூக்குச் சட்டிகளில் வாங்கிப் போகிறார்கள். அதற்கு அரசு அரிசி தருவது 2001 முதல் நடந்துவருகிறது. அரிசியோடு பருப்பும் தேங்காயும் சேர்ந்த அந்தக் கஞ்சியை ஒரு முழு உணவென்றே சொல்லலாம். ஆண்டில் ஒரு மாதம் ஊரால் முடிவது, மற்றப் பதினொரு மாதம் அரசாங்கத்தால் முடியாதா?

முடியும். அதற்கான அடுப்பும் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது. 1982-ல் விரிவாக்கப்பட்ட சத்துணவு, 1983-ல் உதவித்தொகை பெறும் முதியோருக்கும் நீட்டப்பட்டது. எத்தனை பேருக்கு இது தெரியும்? பள்ளிப் பிள்ளைக்கு 2010 முதல் வாரம் ஐந்து முட்டை. நல்லது, மிக நல்லது. அதே கூடத்தில், அதே பானைச் சோறு தின்னும் உரிமை பெற்ற பாட்டிக்கும் ஒரு முட்டை என்று ஆணையிட எந்தக் கைதான் தடுக்கிறது? பருப்பை அட்டைக் கணக்கில் அளக்காமல் ஆள் கணக்கில் அளந்தால் என்ன? முதியோர் மட்டுமே உள்ள வீட்டுக்கேனும் முதலில் அப்படிச் செய்யலாமே! விலைவாசி ஏறும்போது அரசு ஊழியரின் பஞ்சப்படி ஏறுகிறது. நாம் அதைக் குறை சொல்லவில்லை. முதியோர் உதவித்தொகையையும் அதே விலைவாசிக் கணக்கோடு கட்டுங்கள் என்கிறோம். 2011-க்கும் 2023-க்கும் நடுவே ஏறியது 200 ரூபாய் என்பது எந்த ஆட்சிக்கும் பெருமை அல்ல, நம்முடையதற்கும்தான்.

கைரேகைச் சிக்கல் ஒன்று தனியே இருக்கிறது. ரேஷன் கடை இயந்திரம் விரலைக் கேட்கிறது. உப்பளத்தில் தேய்ந்த விரலில் ரேகை எங்கிருந்து வரும்? எழுபது கடந்தவர் வீட்டுக்கே பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கிற்று. தொடங்கியபோது, அறுபதுக்கும் எழுபதுக்கும் இடையில் உள்ளவர் கடை வாசலில்தான் நின்றாக வேண்டியிருந்தது.

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவில் உதவித்தொகைக்குத் தகுதி இருந்தும் வாங்காதவர் யார் யார் என்று எழுதுங்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்து, பட்டுக்கோட்டையில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் தனி வட்டாட்சியரிடம் போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள். பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் முதியோருக்குச் சோறு உண்டா என்று விசாரியுங்கள். இல்லை என்றால், 1983-ஆம் ஆண்டு அரசு நீட்டிய கையை யார் மடக்கியது என்று எழுத்து மூலமே கேளுங்கள்.